மாணவர் படைப்பும் ஆயத்தப் பொம்மைகளும்

ஒரு மாணவன் தன் வாழ்வைப் பற்றிப் படக்கதை ஒன்றை ஆக்குகிறான். அதில் வரும் மனிதர்களை அவன் வரையவில்லை. வீட்டையும் மரத்தையும் வீதியையும் அவன் வரையவில்லை. யாவும் கணினித் திரையில் விரிந்த ஒரு பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. அவன் செய்ததெல்லாம் அவற்றைக் கட்டங்களுக்குள் நிறுத்தி, வாய்க்கருகே ஒரு குமிழ் இட்டு, அதற்குள் நாலு சொல் எழுதியதுதான். அந்தப் படக்கதையை அவனுடைய படைப்பு என்று சொல்லலாமா? இக்கேள்வி சித்திர பாட ஆசிரியருக்கு மட்டும் உரியது போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், உழைப்புக்கும் உடைமைக்கும், சொல்லும் உரிமைக்கும் இடையிலுள்ள உறவையே இது தொடுகிறது என்பது புலனாகும்.

மாணவர்கள் தாமே சித்திரத் தொடர் ஆக்குவதற்கான இணையவழிக் கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பாடசாலைகளில் புழங்கி வருகின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்க ஒன்று தமிழகத்தோடு தொடர்புடையது. பின்னர் ஸோஹோ என்று பெயர் மாற்றம் பெற்ற அட்வென்ட்நெட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜம்பவ் குழுவினர், 2007இல் டூன்டூ என்னும் தளத்தை வெளியிட்டனர். உருவங்களை இழுத்து வந்து கட்டத்தில் விட்டால் போதும். வரையத் தெரியவேண்டிய அவசியமில்லை. பல நாடுகளின் ஆசிரியர்கள் அதை வகுப்பறைக்குள் கொண்டு சென்றனர். கனடாவின் டொரொன்டோ நகரில் உருவான பிட்ஸ்ட்ரிப்ஸ் என்னும் கருவி அம்மாகாணக் கல்வி அமைச்சின் அனுமதி பெற்று அரசாங்கப் பாடசாலைகளிலேயே நுழைந்தது. இவ்விரண்டின் முடிவு என்னவாயிற்று என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் இக்கருவிகளின் பக்கத்திலுள்ள நியாயத்தைக் கேட்பதே நேர்மை. சித்திரம் வரையும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. பயிற்சிக்கு நேரமும் தாளும் வண்ணமும் வேண்டும். ஊக்குவிக்கும் பெற்றோரும் வேண்டும். பத்து வயதிலேயே "உனக்குக் கீற வராது" என்று தீர்ப்பளிக்கப்பட்ட பிள்ளை, ஆயுள் முழுவதும் பென்சிலைத் தொட அஞ்சுகிறது. அத்தகைய பிள்ளையின் மனத்திலும் கதை உண்டு. அதை வரிசைப்படுத்திச் சொல்லும் ஆற்றலும் உண்டு. கையில் நளினம் இல்லை என்பதற்காக அதன் வாயை மூடிவிடுவது அநீதி. வரையத் தெரியாதவனுக்கும் படத்தின் மொழியில் பேசும் வாய்ப்பை ஒரு பொறி தருமாயின், சனநாயகத்தை விரும்பும் எவரும் அதை எடுத்த எடுப்பில் வெறுத்தொதுக்க முடியாது.

இரண்டாவது நியாயம் இன்னும் வலுவானது. படக்கதையின் குமிழுக்குள் பேச்சுமொழியே நுழைய முடியும். ஒரு மீனவர் தம் மகனோடு பேசும் கட்டத்தில் பரீட்சைத் தமிழை எழுதினால் எழுதிய பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, பண்டித மரபினர் அதனை இழிசனர் வழக்கு என்று தூற்றியதை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். அந்த வழக்காற்றில் இலக்கியம் வென்றது. ஆயினும் வகுப்பறைக் கொப்பி இன்றும் முழுதாகத் திறந்துவிடவில்லை. கார்ட்டூனிஸ்ட் சுந்தர் என அறியப்பட்ட சிவஞானசுந்தரம், தினகரனில் வரைந்த சவாரித் தம்பரையும் 1960களில் அவர் தொடங்கிய சிரித்திரன் ஏட்டின் பிற பாத்திரங்களையும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே பேசவைத்தார். தம் வீட்டுப் பேச்சு அச்சில் ஏறத் தகுதியுடையது என்பதை அன்றைய வாசகர் பலர் அந்தக் கட்டங்களிலேதான் கண்டனர். இன்று ஒரு மாணவி தன் பாட்டியின் சொல்லைக் குமிழுக்குள் எழுதுவாளாயின், அவளும் அந்த மரபின் வாரிசே.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும். அதற்குக் காங்கேசன்துறையை ஓர் உரைகல்லாகக் கொள்வோம். வடபகுதிப் புகையிரதப் பாதையின் கடைக்கோடி, துறைமுகப் பட்டினம், 1950இல் நிறுவப்பெற்ற சீமெந்துத் தொழிற்சாலையால் குடாநாட்டில் ஒரு தொழிலாளர் வர்க்கம் திரண்ட இடம். 1990 யூன் மாதத்தில் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். தொழிற்சாலை நின்றது, புகையிரதமும் நின்றது. அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015 சனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. நடேஸ்வராக் கல்லூரி 2016இல்தான் தன் பழைய நிலத்தைத் திரும்பப் பெற்றது. நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன; முழுவதும் இன்னும் மீளவில்லை.

இந்த ஊரின் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் நான்கு கட்டங்களில் படக்கதை ஆக்கும்படி ஆசிரியர் பணிக்கிறார். தாயும் பாட்டியும் சொன்ன கதை அவள் மனத்தில் இருக்கிறது: விட்டு வந்த வீடு, முகாம் வாழ்வு, திரும்பிப் போனபோது கூரையின்றி நின்ற சுவர், சுவருக்குள் வளர்ந்து நின்ற மரம். கருவியின் பட்டியலைத் திறக்கிறாள். 'வீடு' என்பதன் கீழ்ப் புகைபோக்கியும் புல்தரையும் உடைய வீடு கிடைக்கிறது. கிடுகு வேலி கிடையாது, பனை கிடையாது, சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளம் கிடையாது. 'கடற்கரை' என்பதன் கீழ்க் குடை விரித்துச் சாய்ந்திருக்கும் உல்லாசப் பயணிகள் கிடைக்கிறார்கள். 'இராணுவ வீரன்' கிடைக்கலாம். முள்வேலிக்கு இப்புறம் நின்று தன் வளவைப் பார்க்கும் மூதாட்டி கிடைக்கமாட்டாள். அவள் என்ன செய்வாள்? பெரும்பாலும் கதையை மாற்றிக்கொள்வாள். கிடைத்த வீட்டுக்கும் கிடைத்த கடற்கரைக்கும் பொருத்தமான ஒரு விடுமுறைக் கதையைச் செய்து, நல்ல புள்ளியும் பெறுவாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தணிக்கை அதிகாரி எவரும் வரவில்லை. ஆயினும் சொல்ல வந்தது சொல்லப்படவில்லை. பட்டியலே தணிக்கை செய்துவிட்டது.

முகபாவங்களின் நிலையும் இதுவே. மகிழ்ச்சி, கோபம், துயரம், வியப்பு என்று நாலைந்து பொத்தான்கள் இருக்கும். காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் செய்தனர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டு அமர்ந்திருந்த மனிதனின் முகத்தை எந்தப் பொத்தானில் தேடுவது? அவமானமும் உறுதியும் ஒன்றாய்க் கலந்த அந்த முகத்துக்குக் கோபம் என்ற பெயரும் போதாது, துயரம் என்ற பெயரும் போதாது. தடுத்து நின்றவனின் முகத்தில் இருந்த பக்தியையும் ஆணவத்தையும் எப்படிக் காட்டுவது? ஓர் உணர்ச்சியை ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டால், முரண்பாடு மறைந்துபோகிறது. முரண்பாடு மறைந்த இடத்தில் சமுதாயமும் மறைந்துபோகிறது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டும் நியாயமானவை. முதலாவது: கையால் வரைந்தால் மட்டும் பிள்ளை தன் ஊரை வரைந்துவிடுமா? நம் பாடசாலைகளின் சித்திரக் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு மலைகள்; நடுவே உதிக்கும் சூரியன்; மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு; கரையில் ஒரு குடிசை. மலையே இல்லாத குடாநாட்டில், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத மண்ணில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதே காட்சியை வரைகிறார்கள். இதுவும் ஆயத்தப் பொம்மைதான். ஆசிரியர் கரும்பலகையில் இட்டதை மாணவன் கொப்பியில் இட்டான், அவ்வளவே. ஆகவே தாளும் பென்சிலும் தம்மளவில் சுதந்திரத்தைக் கொண்டுவருவதில்லை. பொறியைப் பழித்துக் கையைப் புகழ்வது பழைமைவாதமே அன்றி வேறில்லை.

இரண்டாவது ஆட்சேபம் தத்துவ நோக்கில் கனமானது. எழுத்தாளன் மட்டும் எல்லாவற்றையும் தானே உண்டாக்குகிறானா? அவன் கையாளும் சொற்கள் அவன் பிறக்கும் முன்பே இருந்தவை. எழுத்துகளும் இலக்கணமும் அவனுக்கு ஆயத்தமாகக் கிடைத்தவையே. மொழியிலிருந்து சொற்களைத் தெரிந்தெடுத்து அடுக்குபவனைப் படைப்பாளி என்கிறோம். பட்டியலிலிருந்து உருவங்களைத் தெரிந்தெடுத்து அடுக்கும் மாணவனை ஏன் அப்படிச் சொல்லக்கூடாது?

இக்கேள்விக்கு விடை காணும்போதுதான் பிரச்சினையின் மையம் துலங்குகிறது. மொழி எவருடைய தனியுடைமையும் அன்று. உழவனும் மீனவனும் தாயும் குழந்தையும் கூடி உண்டாக்கியது அது. அதில் இல்லாத சொல்லைச் சேர்க்க ஒருவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஒரு சொல்லை வளைக்கலாம், பகடி செய்யலாம், புதுப்பொருள் ஏற்றலாம், கடல் கடந்து வந்த சொல்லைத் தமிழாக்கிக் கொள்ளலாம். போர்க்காலத்தில் நம் மக்கள் 'செல்', 'பங்கர்' என்பவற்றைத் தம் அன்றாடப் பேச்சில் சேர்த்தது எந்த அகராதிக் குழுவையும் கேட்டு அன்று. ஆனால் கருவியின் உருவப் பட்டியல் மூடப்பட்ட களஞ்சியம். அதன் திறப்பு ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாணவன் அதிலிருந்து எடுக்கலாம். அதற்குள் எதையும் போட முடியாது. ஆகவே ஆயத்தமானது என்பதில் குற்றம் இல்லை. பயன்படுத்துபவன் அதைத் திருத்தவும் பெருக்கவும் முடியுமா என்பதே கேள்வி. முடியுமாயின் அது மொழி. முடியாதாயின் அது கடைப்பண்டம். மொழியைக் கையாள்பவன் படைக்கிறான். பண்டத்தைத் தெரிந்தெடுப்பவன் நுகர்கிறான்.

நுகர்வோனாக்கப்பட்ட மாணவனிடமிருந்து இன்னொன்றும் பறிக்கப்படுகிறது. அது அவன் உழைப்பின் பயன். டூன்டூ தளம் இன்று இல்லை. உலகெங்கும் பிள்ளைகள் அதில் ஆக்கி அதிலேயே விட்டுவைத்த சித்திரத் தொடர்கள், தளம் மூடப்பட்டதும் அவர்கள் கைக்கு எட்டாதவை ஆயின. பிட்ஸ்ட்ரிப்ஸ் நிறுவனத்தை 2016இல் ஸ்னாப்சாட்டின் உரிமையாளர்கள் விலைக்கு வாங்கினர். சித்திரத் தொடர்க் கருவியும் அதன் பாடசாலைப் பிரிவும் மூடப்பட்டன. கைத்தொலைபேசி அரட்டைக்கு உதவும் பொம்மை முகங்கள் மட்டும் இலாபம் தரத்தக்கவை என்று கண்டு வைத்துக்கொள்ளப்பட்டன. இதில் எவருடைய தனிப்பட்ட கொடுமையையும் தேடவேண்டியதில்லை. இலாபம் தராத கடையை முதலாளி மூடுகிறான். ஆனால் ஒரு பிள்ளையின் கொப்பியைக் கடைக்காரன் கொண்டுபோக முடியாது. இணையக் கருவியோ கொப்பியையும் கடைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சொல்லும் கருவி எவர் கையில் இருக்கிறது என்ற கேள்வி இம்மண்ணுக்குப் புதிதன்று. 1820இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த அச்சாளர் கரெட் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, ஆளுநர் பார்ன்ஸ் அவரை நாட்டில் தங்க அனுமதிக்கவில்லை. ஓர் அச்சாளனைக் கண்டு ஓர் ஆட்சி அஞ்சியது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1924இல், தென்பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் கிராமத்தில் செலஸ்தேன் பிரெனே என்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் சிறியதொரு அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றவர் அவர். நெடுநேரம் நின்று விரிவுரை ஆற்ற இயலாதவர். பிள்ளைகள் தம் வீட்டையும் வயலையும் பற்றித் தாமே எழுதினர், தாமே எழுத்துக் கோத்தனர், தாமே அச்சிட்டனர், தூரத்துப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளுக்கு அனுப்பி, அவர்களுடையதைப் பெற்று வாசித்தனர். அச்செழுத்தும் ஆயத்தப் பொருள்தான். ஆனால் பொறி வகுப்பின் பொதுவுடைமை. அச்சிட்ட தாள் பிள்ளையின் கையில். வாசிப்பவன் உண்மையான ஒரு மனிதன். இம்மூன்றும் இருந்தமையால் பொறி அங்கே விடுதலையின் கருவியாயிற்று.

நம் அயலிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவில் 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' என்ற அமைப்பினர் கிராம மக்களுக்கும் மாணவர்களுக்கும் படக்கதைப் பயிற்சி அளித்து வந்துள்ளனர். அவர்களது முறை மிக எளியது: நான்கு கட்டங்கள், இரண்டு தாள்களை ஒட்டிய ஒரு சுவரொட்டி, கறுப்பு மையால் தாமே வரைந்த கோடுகள், போட்டோப் பிரதி. தேநீர்க்கடைச் சுவரிலும் பாடசாலை வாசலிலும் ஒட்டிவிட்டு, வாசிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அருகில் நின்று கேட்கிறார்கள். கோடுகள் கோணலாக இருக்கும். அதனால் எவரும் வாசிக்காமல் போவதில்லை. தம் தெருவின் கதையை அதில் காணும் மனிதன் கோட்டின் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

தாள் மலிவானது, இணையம் விலையுயர்ந்தது என்று இலகுவாக முடிவுகட்டவும் கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கிடைத்த தாளில் அச்சேறின. 2022 மார்ச்சில் தாளும் மையும் இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. மறுபுறத்தில், 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளை ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டு கருவியும் வர்க்க நிலைக்கு அப்பாற்பட்டவை அல்ல. எந்தக் கருவியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடன். கன்னங்கராவின் காலத்தில், 1945இல், கல்வி இலவசமாக்கப்பட்டபோது அதன் உட்பொருள் வகுப்பறைக் கதவைத் திறப்பது மட்டுமாக இருந்திருக்க முடியாது. கற்பதற்கு வேண்டிய கருவியும் பொதுச் சொத்தாகவேண்டும் என்பதையும் அது உள்ளடக்கியதே.

இன்று நிலைமை இன்னும் ஒருபடி சென்றுவிட்டது. பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கவும் தேவையில்லை. ஒரு வாக்கியம் எழுதினால் செயற்கை நுண்ணறிவு முழுப் படத்தையும் தந்துவிடுகிறது. பட்டியலின் குறை இதனால் நீங்கிவிட்டது எனச் சிலர் மகிழ்கின்றனர். பனை வேண்டும் என்றால் பனை வரும் என்பது மெய்தான். ஆனால் அப்பொறி எண்ணற்ற படங்களைக் கற்று, அவற்றில் மிகுதியாகக் காணப்படுவதையே மீண்டும் தரும் இயல்புடையது. உலகில் அதிகம் படம்பிடிக்கப்பட்டவர்களின் வீடும் முகமும் அதற்கு இயல்பானவை. படம்பிடிக்கப்படாதவர்களின் வாழ்வு அதற்கு விதிவிலக்கு. மேலும், தன் பாட்டியின் வளவில் வேலி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒரு பிள்ளை நினைவுகூர வேண்டிய கணத்தில், பொறி முந்திக்கொண்டு ஒரு வேலியை வரைந்து காட்டிவிடுகிறது. நினைவுக்கு வேலையில்லாமற் போகிறது. பாட்டியிடம் சென்று கேட்கவும் வேண்டியதில்லை. கேட்டிருந்தால் வேலியின் கதையோடு வேறு பத்துக் கதைகளும் வந்திருக்கும்.

அப்படியாயின் ஆசிரியர் செய்யத்தக்கது என்ன? கருவியைத் தடைசெய்வது தீர்வாகாது. விளம்பரத்தை நம்பி ஏற்பதும் தீர்வாகாது. ஒரு கருவியை வகுப்பறைக்குள் எடுக்கும்முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பட்டியலில் இல்லாததை மாணவன் தானே சேர்க்க முடியுமா? ஆக்கியதைத் தன் கைக்கு எடுத்துச் செல்ல முடியுமா? அதை வாசிக்க ஆசிரியரின் புள்ளியிடும் கண்ணைத் தவிர வேறொரு வாசகர் உண்டா? மூன்றுக்கும் விடை ஆம் என்றால் கருவியின் பெயர் எதுவாயினும் பாதகமில்லை. கிருதா போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை எந்த நிறுவனமும் ஒரு நாள் பூட்டிவிட முடியாது. ஆயத்த உருவங்களைக் கொண்ட கருவியே கையில் இருந்தாலும், பின்னணியாக மாணவர் எடுத்த நிழற்படத்தை இடலாம்: சீமெந்துத் தொழிற்சாலையின் கட்டடங்கள், கீரிமலைக் கேணி, புகையிரத நிலையம், கூரையற்ற வீடு. உருவத்தைத் தாளில் வரைந்து படம்பிடித்துச் சேர்க்கலாம். ஒரு வகுப்பு சேர்ந்து தன் ஊருக்குரிய உருவக் களஞ்சியம் ஒன்றை ஆக்கி, அடுத்த வகுப்புக்கு விட்டுச் செல்லலாம். அப்போது பட்டியல் பட்டியலாக இராது. மொழியாக வளரத் தொடங்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கதை முதலில் வாயால் சொல்லப்பட வேண்டும். கருவியைத் திறக்கும் முன் மாணவி தன் கதையைப் பிறருக்குச் சொல்லட்டும். அவர்கள் கேள்வி கேட்கட்டும். எந்தக் கணம் இன்றியமையாதது என்று முடிவு செய்த பின்னர் அதற்கேற்ற படத்தைத் தேடட்டும். படம் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே இந்தப் பட்டியலில் எங்கள் வீடு இல்லை என்று எழுதட்டும். மலையும் ஆறும் வரைந்து பழகிய கையும், புகைபோக்கி வீட்டைத் தெரிந்தெடுத்துப் பழகிய கையும், அந்த வெறுமையான கட்டத்தின் முன்னேதான் முதன்முறையாகத் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தைக் கண்டு ஆசிரியர் பொறுமையோடு அருகே இருக்கவேண்டும்.

படக்கதை யாருடையது என்ற கேள்விக்கு, அதில் எத்தனை கோடுகளை மாணவன் தன் கையால் இட்டான் என்று எண்ணி விடை காண முடியாது. தரப்பட்ட உலகத்தை அப்படியே ஏற்காமல், அதில் இடம்பெறாத தன் மக்களை உள்ளே கொண்டுவந்தானா என்பதைக் கொண்டே விடை காணவேண்டும். கொண்டுவந்தவன் ஒரு கோடும் வரையாவிட்டாலும் படைப்பாளி. கொண்டுவராதவன் ஒவ்வொரு கோட்டையும் அழகுற வரைந்திருந்தாலும் பிறர் கதைக்கு வண்ணம் தீட்டியவனே. வலிகாமம் வடக்கின் பிள்ளைகளுக்கு நிலம் திரும்பி வருவது அரசியலின் பொறுப்பு. அந்நிலத்தின் கதை அவர்கள் கையாலேயே கட்டங்களுக்குள் வருவது நம் வகுப்பறைகளின் பொறுப்பு. இந்தத் தவணையிலேயே அதற்கு நான்கு கட்டங்கள் ஒதுக்கலாம்.